வாசகர் கேள்வி: முன் அக்சில் மாற்றம்

கேள்வி: ஹைலக்ஸின் முன் சஸ்பென்சனைக் கழற்றிவிட்டு, பழைய லேண்ட் குரூசரின் முழு அக்சிலைப் போட எண்ணுகிறேன். எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகர், நிலாவெளி

பதில்: முதலில் டிபரன்சியல் குடம் (அக்சிலில் பல்சக்கரங்கள் இருக்கும் புடைத்த பகுதி) எந்தப் பக்கம் என்று பாருங்கள். உங்கள் டிரான்ஸ்பர் பெட்டியின் (இழுவையை முன், பின் அக்சில்களுக்குப் பிரிக்கும் பெட்டி) முன் சாஃப்ட் வெளிவரும் பக்கத்திலேயே அதுவும் இருக்கவேண்டும். இல்லையென்றால் சும்மா தந்தாலும் வேண்டாம். அடுத்தது டிபரன்சியலின் பல் கணக்கு. பெரிய சக்கரத்தில் 41 பல்லுக்குச் சின்னதில் 10 என்றால் 4.10, பின் அக்சிலும் அதேதான் இருக்கவேண்டும். மாறினால் நாலு சில்லு இழுவையில் பெட்டி இறுகி உடையும்.

நக்கிளின் (முன் சில்லு திரும்பும் மூட்டு) மேல் பிளக்கைக் கழற்றிக் கம்பி விட்டுப் பாருங்கள். கிரீஸ் கூழாக இளகி வந்தால் உள் சீல் போய் டிபரன்சியல் எண்ணெய் கலந்திருக்கிறது. சீல் மாற்றக்கூடியதுதான், அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள். ஆனால் நக்கிளின் வெளி உருண்டையை நகத்தால் தடவும்போது துருக்குழி தட்டுப்பட்டால் (நம் கடற்கரை உப்புக்காற்றில் கிடந்ததென்றால் கட்டாயம் தடவுங்கள்) அதன்மேல் உரசும் வெளிச் சீலைப் புதிதாகப் போட்டாலும் நிற்காது.