கால்சியம்-பாஸ்பேட் பாடம்: ஆசிரியர்கள் கேட்டவை

கேள்வி: ரத்தத்தில் கால்சியத்தை உயர்த்தும் பாராதைராய்டு ஹார்மோன் எலும்பைக் கரைத்தால் கால்சியத்தோடு பாஸ்பேட்டும் வெளிவருமே, ரத்தத்தில் பாஸ்பேட் மட்டும் ஏன் குறைகிறது என்று மாணவர்கள் மடக்குகிறார்கள்.

பதில்: மடக்கட்டும், பாடத்தையே அங்கிருந்து தொடங்கலாம். இரண்டும் சேர்ந்து ஏறினால் பாஸ்பேட், அயனி கால்சியத்தை (எதனோடும் சேராமல் செயல்படும் கால்சியத்தை) பிடித்துக்கொள்ளும். எலும்பைக் கரைத்ததில் பயனிருக்காது. எனவே அதே ஹார்மோன், சிறுநீரகத்தின் அண்மைச் சுருள்குழலில் (நுண்குழலின் முதல் பகுதி) பாஸ்பேட் மீளுறிஞ்சலைத் தடுக்கிறது. சேய்மைக் குழலில் (பின்பகுதி) கால்சியத்தை மீட்கிறது. எலும்பிலிருந்து வரும் பாஸ்பேட்டைவிடச் சிறுநீரில் போவது அதிகம். இது பிடிபட்டதும், "சிறுநீரகம் பழுதானால்?" என்று கேளுங்கள். ஹார்மோன் எவ்வளவு ஏறினாலும் பாஸ்பேட் தேங்கும் என்று அவர்களே சொல்வார்கள். அடுத்து இரண்டு ரத்த அறிக்கைகள் கொடுங்கள்: ஒன்றில் கால்சியம் குறைவு, பாஸ்பேட் அதிகம்; மற்றதில் கால்சியம் குறைவு, பாஸ்பேட்டும் குறைவு. சிறுநீரகம் நன்றாக இருந்தால் முதலாவது பாராதைராய்டு குறைபாட்டைக் காட்டும். இரண்டாவதில் வைட்டமின் டி பற்றாக்குறையை முதலில் நினைக்க வேண்டும். எது ஏறும், எது இறங்கும் என்ற அம்புக்குறி அட்டவணையை மனப்பாடம் செய்ய வைப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை.

கேள்வி: தசை சுருங்கக் கால்சியம் வேண்டும். அது குறைந்தால் தசை தளராமல் ஏன் இசிவு வருகிறது?

பதில்: எலும்புத் தசைக்குள் சுருக்கத்துக்கான கால்சியம் உள்சேமிப்பிலிருந்து வருவது. இசிவுக்குக் காரணம் நரம்பு. செல்லுக்கு வெளியே கால்சியம் குறைந்தால் நரம்பின் சோடியம் வாயில்கள் எளிதில் திறந்துவிடும்; நரம்பு தானாகவே தூண்டப்பட்டுத் தசையைச் சுருக்கும். வேகமாக மூச்சுவிடுபவருக்கு விரல்கள் மரமரப்பதையும் இங்கேயே சொல்லிவிடுங்கள்: ரத்தத்தின் காரத்தன்மை கூடுவதால் அல்புமின் என்ற ரத்தப் புரதம் கூடுதல் கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. மொத்த அளவு இயல்பாகவே (8.5-10.5 மி.கி./டெ.லி.) இருக்கும், அயனி அளவுதான் விழும்.

கேள்வி: தைராய்டு சுரக்கும், கால்சியத்தைக் குறைக்கும் ஹார்மோனான கால்சிடோனினுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்?

பதில்: ஐந்து நிமிடம். தைராய்டை அகற்றியவருக்கு, பாராதைராய்டு சுரப்பிகள் தப்பியிருந்தால், கால்சியம் நிலைகுலைவதில்லை. கால்சிடோனினை ஏராளமாகச் சுரக்கும் மெடுல்லரி தைராய்டு புற்றுநோயிலும் கால்சியம் பெரும்பாலும் இயல்பே.

கேள்வி: எஃப்.ஜி.எஃப். 23 என்ற ஹார்மோன் முதலாண்டுக்குத் தேவையா?

பதில்: தேவை, சுருக்கமாக. எலும்புக்குள் இருக்கும் ஆஸ்டியோசைட்டுகள் என்ற செல்கள் சுரப்பது; பாஸ்பேட்டை வெளியேற்றுவதோடு கால்சிட்ரியால் (வைட்டமின் டி-யின் செயல்படும் வடிவம்) உற்பத்தியையும் அடக்குகிறது. பாராதைராய்டு ஹார்மோனும் பாஸ்பேட்டை வெளியேற்றும், ஆனால் கால்சிட்ரியாலைக் கூட்டும். இந்த ஒரு வேறுபாட்டை மாணவர் விளக்கினால் போதும். எஃப்.ஜி.எஃப். 23 செயல்பட உதவும் க்ளோதோ புரதம் எல்லாம் மேல்படிப்பில் பார்த்துக்கொள்ளலாம்.