கறுத்த தோலில் சிகரெட் புகை ஒட்டாதா?

கேள்வி: வீட்டில் எட்டு மாதக் குழந்தை. கணவர் வாசலுக்குப் போய் சிகரெட் பிடித்துவிட்டு வந்து அப்படியே குழந்தையைத் தூக்குகிறார். கேட்டால், "நம்ம கறுத்த தோல்ல இதெல்லாம் ஏறாது" என்கிறார். கறுத்த தோல்தான் நிகோட்டினை அதிகம் இழுக்கும் என்று நான் எங்கோ படித்தேன். எது சரி? – ஒரு வாசகி

பதில்: உங்கள் கணவர் சொல்வது முழுத் தப்பு. நீங்கள் படித்தது அரைகுறை.

புகையிலையிலுள்ள நிகோட்டின் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். ஈரமான புகையிலையைப் பறிக்கிறவர்களுக்கு வாந்தியும் தலைச்சுற்றலும் வருவது அதனால்தான். அமெரிக்காவின் வட கரோலினாவிலும் வருகிறது, நம் குஜராத்திலும் வருகிறது. நிறம் யாரையும் காப்பாற்றவில்லை. வெளியிலிருந்து வருவதைத் தடுப்பது தோலின் மேலே இருக்கும் செத்த செல்களின் அடுக்கு. நிறம் தரும் மெலனின் உருவாவது அதற்கும் கீழே.

அப்புறம், நீங்கள் படித்த விஷயம். நிகோட்டின் மெலனினோடு ஒட்டிக்கொள்ளும், உண்மைதான். நரைத்த முடியைவிடக் கறுத்த முடியில் அது கூடுதலாகச் சேர்வதும் அதனால்தான். 2009இல் அமெரிக்கக் கறுப்பினத்தவரிடம் நடந்த ஓர் ஆய்வில், வெயிலில் அதிகம் கறுத்தவர்கள் சிகரெட்டும் அதிகம் பிடித்தார்கள் என்று தெரிந்தது. ஆனால் அவர்கள் எல்லோரும் தாங்களே புகைத்தவர்கள். அப்பாவின் சட்டையில் படிந்தது குழந்தையின் தோலில் நிறத்துக்குத் தக்கபடி ஏறும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ஒட்டிக்கொள்வது வேறு, உள்ளே ஏறுவது வேறு.

இந்த நிறப் பேச்சு எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது. குழந்தையின் தோலைப் பற்றி வாதாடும் நேரத்தில் அவருடைய சட்டையை யாரும் பார்ப்பதில்லை. வாசலில் நின்று பிடித்தாலும் விரலிலும் மீசையிலும் துணியிலும் ஒட்டிய நிகோட்டின் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. மெத்தையிலும் சுவரிலும் மாதக்கணக்கில் தங்குகிறது. அங்கேயும் சும்மா இருப்பதில்லை. படிந்த நிகோட்டின், காற்றிலுள்ள நைட்ரஸ் அமிலத்தோடு சேர்ந்து புற்றுநோயை உண்டாக்கக்கூடிய நைட்ரோசமின்களாக மாறுகிறது என்று அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தார் 2010இல் காட்டினார்கள். கேஸ் அடுப்பு எரியும் வீட்டில் அந்த அமிலத்துக்குப் பஞ்சமில்லை. தவழும் குழந்தை அந்தத் தரையைத் தடவிய கையைத்தான் வாயில் வைக்கிறது. எடையோடு ஒப்பிட்டால் அதன் தோல் பரப்பும் நம்முடையதைவிட அதிகம்.

குளித்து, சட்டை மாற்றாமல் குழந்தையைத் தூக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். அதுவும் பாதித் தீர்வுதான், அவர் சிகரெட்டை விட்டே ஆக வேண்டும். அதற்கு உதவி கேட்க அரசின் இலவசத் தொலைபேசி எண் 1800 11 2356.