மேகமும் புதரும் ஒரே படம்தான்: பழைய டிவி கேம் கேள்வி பதில்

பழைய டிவி கேம் மெஷின்களைப் பழுதுபார்ப்பதும் சேர்த்து வைப்பதும் என் வேலை, பைத்தியம், இரண்டும். "பழைய கேம்களில் இருந்த அழகு இன்றைய நிஜம்போன்ற கேம்களில் இல்லையே, ஏன்?" என்று நண்பர்கள் நிறையப் பேர் கேட்டதால் இந்த ஞாயிறு முழுக்க உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். முன்கூட்டியே மூன்று வேண்டுகோள்: விலை கேட்காதீர்கள். ரோம் (கேமை அப்படியே நகலெடுத்த கணினிக் கோப்பு) எங்கே கிடைக்கும் என்று கேட்காதீர்கள். கேசட்டை வாயால் ஊதாதீர்கள்.

எனக்கு மேரியோவில் கிடைத்த சந்தோஷம் இன்றைய எந்த கேமிலும் இல்லை. நிஜமாகவே அது நன்றாக இருந்ததா, எனக்கு வயதாகிவிட்டதா? (திருச்சி)

வயதாகிவிட்டது. எனக்கும்தான். நீங்கள் நினைத்து ஏங்குவதில் பாதி மே மாத லீவு, பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சித்தி மகன், "கரண்ட் பில் யார் கட்டுவது" என்று உள்ளேயிருந்து வந்த குரல். அதைக் கழித்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

கழித்த பிறகும் மிச்சம் இருக்கிறது. 1985இல் வந்த சூப்பர் மேரியோ பிரதர்ஸ் மொத்தமே 40 கிலோபைட். இன்று காலை உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்த ரோஜாப்பூ வணக்கம் அதைவிடப் பெரிதாக இருக்கும். இடமில்லாததால் என்ன செய்தார்கள் தெரியுமா? மேலே மிதக்கும் மேகமும் கீழே இருக்கும் புதரும் ஒரே படம். நிறத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். நாம் எத்தனை வருடம் அதைத் தாண்டித் தாண்டி ஓடினோம், கண்ணில் பட்டதா?

மேரியோவின் முகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1981இல் டாங்கி காங் கேமில் முதலில் வந்தபோது ஆள் 16 புள்ளி உயரம். அதில் வாய் வரைய இடமில்லை, ஆகவே மூக்குக்குக் கீழே ஒரு மீசை. முடி வரைந்தால் சரியாக வராது, ஆகவே தொப்பி. ஓடும்போது கை ஆடுவது தெரிய வேண்டும், ஆகவே சட்டைக்கு ஒரு நிறம், கால்சட்டைக்கு ஒரு நிறம். வரைந்த மியாமோட்டோவே சொன்ன காரணங்கள் இவை. கண், வாய், சிரிப்பு, பயம் எல்லாவற்றையும் உங்கள் மனதுதான் போட்டுக்கொண்டது. அந்த மேரியோவில் பாதி நீங்கள் வரைந்தது. அதனால்தான் விட மனம் வரவில்லை.

என்னிடம் பழைய கேசட் 12 இருக்கிறது. என்ன விலைக்குப் போகும்?

மேலே முதல் வேண்டுகோளைப் படியுங்கள்.

ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கேமில் குளிர்ப் பிரதேசத்துக்குப் போனால் குதிரையின் விரை சுருங்குகிறது. அவ்வளவு நுணுக்கமாகச் செய்த உழைப்பில் அழகில்லை என்கிறீர்களா? (சென்னை, கல்லூரி மாணவர்)

இல்லை என்று எங்கே சொன்னேன்? 2018இல் வந்த கேம் அது, கணினியில் போட 150 ஜிபி இடம் கேட்கிறது. பனியில் குதிரை நடந்துபோகும்போது பின்னால் விழும் தடத்தை நானே நின்று பார்த்திருக்கிறேன்.

என் குறை வேறு. நிஜம்போல என்று வாக்குக் கொடுத்துவிட்டால் ஒவ்வொரு நொடியும் காப்பாற்ற வேண்டும். மரம் நிஜம், மழை நிஜம், குதிரை மட்டும் பாறைக்குள் கால் சிக்கி நடுங்கினால் கண் அங்கேயே போய் நிற்கும். மனித முகத்துக்கு இது இன்னும் கொடுமை. ஏறக்குறைய மனிதன்போல இருக்கும் உருவம்தான் நமக்கு அருவருப்பைத் தரும் என்று ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970இலேயே எழுதிவிட்டார். மேரியோ செங்கல்லை இடித்துக் காசு எடுக்கிறான், யாராவது கேள்வி கேட்கிறோமா? அவன் எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

அப்புறம் அந்தக் குதிரை கேமின் இழுப்பறைகள். நிஜம் வேண்டும் என்பதற்காக ஒவ்வொன்றையும் கதாநாயகன் கையை நீட்டி, திறந்து, எடுத்து, பைக்குள் போடும்வரை நாம் காத்திருக்க வேண்டும். முதல் வீட்டில் அற்புதம். மூன்றாவது வீட்டில் எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

இது பழையது, புதியது என்ற சண்டையும் இல்லை. செல்டா வரிசையில் 2002இல் வந்த விண்ட் வேக்கர் கேமை, கார்ட்டூன்போல இருக்கிறதென்று அறிவித்தபோதே ரசிகர்கள் திட்டித் தீர்த்தார்கள். இன்று போட்டுப் பாருங்கள், நேற்று வரைந்ததுபோல இருக்கும். அந்த வருடம் நிஜம் நிஜம் என்று கொண்டாடிய கேம்களின் முகங்கள் பிசைந்த களிமண்.

அன்றைக்கு முடியாததால் அப்படிச் செய்தார்கள். குறையைப் போய் அழகு என்று கொண்டாடுவது சரியா? (கோவை)

நல்ல கேள்வி. எல்லாக் குறையும் அழகாகாது. திரையில் ஆள் கூடினால் பாதிப் பேர் மின்னி மின்னி மறைவார்கள், ஏனென்றால் மேரியோ ஓடிய அந்த நின்டென்டோ மெஷின் திரையின் ஒரு கோட்டில் 8 உருவத்துக்குமேல் காட்டாது. அது வெறும் குறை.

ஆனால் சில குறைகளைக் கையில் எடுத்து உருட்டத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். 1978இல் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் செய்த நிஷிகாடோவின் சிப்புக்கு 55 எதிரிகளை ஒன்றாக நகர்த்தத் திணறல். சுடச் சுட எண்ணிக்கை குறைந்து வேகம் தானாகக் கூடியது. அவர் அதைத் திருத்தாமல் அப்படியே விட்டுவிட்டார். கடைசி ஒருவன் பறந்து வரும்போது உங்கள் கை வியர்த்ததே, அது சிப்பின் களைப்பு தீர்ந்த வேகம்.

1999இல் வந்த சைலன்ட் ஹில் என்ற திகில் கேமில் ஊரின் பனிமூட்டமும் அப்படித்தான். தூரத்துத் தெருவை வரைய பிளேஸ்டேஷனுக்குச் சக்தியில்லை, மூடினார்கள், பயம் வந்து உட்கார்ந்தது. 2012இல் இரண்டாம் பாகத்தைத் தெளிவாக்கி மறுபடி விட்டபோது மூட்டம் விலகி, ஊர் பாதியில் வெட்டி நிற்பது தெரிந்தது. 2021இல் ஜிடிஏ வரிசையின் பழைய கேம் மூன்றையும் புதுப்பித்தார்களே, அதிலும் இதே கதை. அதில் ஒன்றான சான் ஆண்ட்ரியாஸில் புகைமூட்டத்தை எடுத்ததும், ஒரு மாநிலம் என்று நாம் நம்பியிருந்த இடம் கைக்குட்டை அளவுக்குச் சுருங்கிவிட்டது. வெளியிட்ட கம்பெனி மன்னிப்பே கேட்டது.

கேசட் ஓடவில்லை. ஊதினால் ஓடுகிறது. நீங்கள் ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?

ஊதியதால் ஓடவில்லை. கழற்றி மறுபடி செருகியதால் பின்கள் சரியாக உட்கார்ந்து ஓடுகிறது. உங்கள் மூச்சின் ஈரம் பின்னைக் கறுக்க வைக்கும், அவ்வளவுதான். ஐசோப்ரோபைல் ஆல்கஹால், காது குடையும் பஞ்சுக் குச்சி, இரண்டு நிமிடம்.

என் 4கே டிவியில் எமுலேட்டர் (பழைய மெஷின்போல நடிக்கும் மென்பொருள்) போட்டு ஆடுகிறேன். ஒவ்வொரு புள்ளியும் கத்திபோலத் தெரிகிறது. டியூப் டிவிதான் வேண்டும் என்று உங்களைப் போன்றவர்கள் சொல்வது வெறும் பழம்பெருமை இல்லையா? (பெங்களூரு)

இதற்குத்தான் காலையிலிருந்து காத்திருந்தேன்.

நீங்கள் பார்ப்பது அவர்கள் வரைந்த படமே இல்லை. அவர்கள் டியூப் டிவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் நிறம் எப்படிக் கசியும் என்று பார்த்துப் பார்த்து வரைந்தார்கள். சோனிக் முதல் பாகத்தில் ஓர் அருவி வரும். உங்கள் டிவியில் அது நெட்டுக்குத்தான கோடு, ஒரு கோடு விட்டு ஒரு கோடு. மஞ்சள் பின் வயர் போட்ட டியூப் டிவியில் கோடுகள் ஒன்றோடொன்று கரைந்து, பின்னால் இருப்பது தெரியும் தண்ணீராகும். 1997இல் வந்த காசில்வேனியா கேமில் டிராகுலாவின் முகத்தைப் பாருங்கள். கண்ணில் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி. கத்திபோன்ற திரையில் அது கொசுக்கடி. டியூபில் அது எரியும்.

பெங்களூரு மறுபடி: அப்படியானால் கையில் பிடித்து ஆடும் கேம் பாய்? அது 1989லேயே எல்சிடிதான். கசிவும் இல்லை, கரைவதும் இல்லை. நான்கே நான்கு பச்சைச் சாயல். அதில் அழகில்லையா?

ம். சரியான இடத்தில் அடித்துவிட்டீர்கள். 160க்கு 144 புள்ளி, பக்கத்தில் விளக்கு வேண்டும், ஓடும் உருவத்துக்குப் பின்னால் ஒரு பேய்நிழல் இழுபடும். இருந்தும் அதில் டெட்ரிஸ் ஆடி பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறேன். ஆனால் அந்தப் பேய்நிழலும் திரையின் குணம்தானே? அதையும் உங்கள் 4கே காட்டாதே?

நான் கேம்களுக்குப் புள்ளிப்படம் வரைகிறவள். குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். நாங்கள் இன்று வரைவது கத்திபோன்ற திரைக்குத்தான். செலஸ்ட் என்ற புள்ளிப்பட கேம் 2018இல் வந்தது, அதற்கு டியூப் டிவி எதற்கு? எந்தத் திரையில் பார்ப்பார்கள் என்று தெரிந்து வரைந்தால் போதும். (புதுச்சேரி)

ஒப்புக்கொள்கிறேன் அம்மா. காலையில் நான் "டியூப் டிவிதான்" என்று அடித்துப் பேசியதை இப்படித் திருத்திக்கொள்கிறேன்: எந்தத் திரைக்கு வரைந்தார்களோ அந்தத் திரை. பெங்களூரு தம்பிக்குப் பாதி வெற்றி. ஆனால் திரையில் பறக்கும் வாத்தைச் சுடும் பழைய கேம் துப்பாக்கியை உங்கள் 4கே டிவியில் வைத்துச் சுட்டுக் காட்டுங்கள், முழு வெற்றியும் தருகிறேன்.

பெங்களூரு: அது ஏன் ஓடாது?

விசையை அழுத்தினால் திரை ஒரு கணம் முழுக்கக் கறுக்கும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கிக்குள் இருப்பது வெளிச்சத்தை உணரும் ஒரு சின்னக் கண், அவ்வளவுதான். முதலில் இருட்டு, பிறகு வெளிச்சம் என்று அது பார்த்தால் வாத்து செத்தது. (அதனால்தான் குண்டு பல்பைக் குறிபார்த்து ஏமாற்ற முடியாது. நாங்கள் முயன்றோம்.) டியூப் டிவி அந்தக் கணத்திலேயே ஒளியைத் துப்பும். புது டிவி படத்தை வாங்கி, யோசித்து, அழகுபடுத்திக் கொடுப்பதற்குள் துப்பாக்கி கண்ணை மூடிவிடும்.

இந்தச் சண்டையில் பதினோரு கேள்வி பின்னால் நிற்கிறது. விலை கேட்டவை நான்கு. பதில் ஒன்றே: தெரியாது.

9999 கேம் இருப்பதாகப் போட்ட கேசட்டை இன்னும் வைத்திருக்கிறேன். உள்ளே என்னதான் இருக்கிறது? (மதுரை)

நான் திறந்த ஒன்றில் உள்ளங்கைக்கும் சின்னதாக ஒரு பச்சைப் பலகை, நடுவில் கறுப்புத் தார் சொட்டியதுபோல ஒரு பொட்டு. சிப் அதற்கு அடியில். மெனுவில் பத்தாம் எண்ணைத் தாண்டினால் அதே கேம்கள்தான் வேறு பெயரில், வேறு கட்டத்திலிருந்து தொடங்கும். இன்னொன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். அந்த கேம்கள் நொடிக்கு 60 படம் காட்டும் ஜப்பான் டிவிக்காக எழுதியவை. நம்மூர் டிவி நொடிக்கு 50. அதற்காக வந்த மெஷின்களில் எல்லாமே ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். உங்கள் மேரியோ ஜப்பான் பையனின் மேரியோவைவிட நிதானமானவன்.

பத்து வயது மகனுக்கு மேரியோ போட்டுக் கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில் ரிமோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டான். (ஈரோடு)

விடுங்கள், கட்டாயப்படுத்தாதீர்கள். ஆனால் முதல் கட்டத்தை நீங்கள் ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். மேரியோ இடது ஓரத்தில் நிற்பான், வலப்பக்கம் வெட்டவெளி. ஒரு எழுத்துகூட இல்லாமல் வலப்பக்கம் போ என்கிறது. கொஞ்சம் தள்ளி ஒரு காளான் பொம்மை நம்மை நோக்கி வரும். முட்டினால் சாவு, தொடங்கி சில நொடிதான் ஆகிறது, போனால் போகட்டும். குதித்தால் தலைக்குமேல் இருக்கும் கேள்விக்குறிப் பெட்டி இடிபட வாய்ப்பு உண்டு. ஆக, நகர்வது, குதிப்பது, இடிப்பது மூன்றையும் யாரும் சொல்லாமலே கற்றுவிட்டோம்.

பழையதில் குப்பையே இல்லையா?

மலைமலையாக. 1982இல் ஈ.டி. கேமை ஐந்து வாரத்தில் செய்தார்கள். விற்காத கேசட்டுகளை 1983இல் நியூ மெக்சிகோவில் ஒரு குப்பைமேட்டில் புதைத்தார்கள், 2014இல் தோண்டி எடுத்தார்கள். நல்லதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு பேசுகிறோம்.

ஊதாமல் ஓடவில்லை அண்ணா.

ஊதாதீர்கள்.

என் பழைய மெஷினுக்கு வீட்டில் கிடந்த 9 வோல்ட் அடாப்டரைப் போடலாமா?

முதலில் மெஷினின் அடியில் ஏசியா டிசியா என்று படியுங்கள். டிசி என்றால் நடுப் பின் பிளஸ்ஸா மைனஸா என்ற படம் இருக்கும், அதையும் பாருங்கள். பொருந்துகிறது என்பதற்காகச் செருகி நான் ஒரு மெஷினைப் புகையவிட்டிருக்கிறேன். அது வேறொருவருடையது.

வீட்டில் 21 இன்ச் டியூப் டிவி இருக்கிறது. எடைக்குப் போடப்போகிறோம். உங்களுக்கு வேண்டுமா? (தாம்பரம்)

போடாதீர்கள்! ஓடுகிறதா? மஞ்சள் பின் ஓட்டை முன்னாலா பின்னாலா? மாடி வீடா? தூக்க இரண்டு பேர் வேண்டும், நான் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அதுவரை தூசி துடைக்கிறேன் என்று பின்மூடியை மட்டும் திறந்துவிடாதீர்கள், ஆஃப் செய்த பிறகும் பிக்சர் டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். பிள்ளைகளையும் தள்ளி வையுங்கள். நாளை மாலை வரலாமா?