ஆப் அடிக்காத அலாரம்

கேள்வி: ஆறு வயது மகனுக்கு ஆஸ்துமா. இன்ஹேலர் நேரத்தை நினைவூட்ட செல்போனில் ஆப் போட்டோம். பல நாள் அலாரமே அடிப்பதில்லை. ஏன்?
– வாசகி, ஒடுகத்தூர்

பதில்: பெரும்பாலும் பேட்டரி சேமிப்புதான் காரணம், செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கு மட்டும் அதை நீக்குங்கள். போன் உங்களோடு வேலைக்குப் போய்விடுமா? பாட்டியின் பட்டன் போனில் அலாரம் வையுங்கள், அதுவே போதும்.

இரவு இருமலையும், அவசர இன்ஹேலர் எத்தனை முறை தேவைப்பட்டது என்பதையும் ஆப்பில் குறியுங்கள். டாக்டர் கேட்பது அதைத்தான். தினசரி இன்ஹேலரில் 200 பஃப் இருந்து, காலை 2, இரவு 2 என்றால் 50 நாளில் தீரும். மருந்து தீர்ந்தாலும் வாயு வரும், சத்தத்தை நம்பாதீர்கள்! இன்ஹேலரோடு மாட்டும் குழாயான ஸ்பேசரைக் கழுவிய பின், துடைக்காமல் காயவிடுங்கள்; துடைத்தால் மின்னூட்டம் ஏறி மருந்து உள்ளேயே ஒட்டிக்கொள்ளும்.

மூச்சிழுக்கும்போது விலா குழிந்தால், பேச்சு திணறினால் ஆப்பைத் தேடாதீர்கள். அவசர இன்ஹேலரைக் கொடுத்துக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.