ஸ்டீராய்டை அம்மாவே பாதியாக்கிக்கொண்டார், வலி திரும்பிவிட்டது

கேள்வி: சுங்கை சிப்புட்டில் இருந்து எழுதுகிறேன், டாக்டர். அம்மாவுக்கு 71 வயது, தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இரண்டு தோளும் இடுப்பும் இறுகி, காலையில் எழவே முடியாமல் இருந்தார். பாலிமையால்ஜியா ருமேட்டிகா (தோள், இடுப்புப் பக்கம் அழற்சியால் வலியும் இறுக்கமும் வரும் நோய்) என்று சொல்லி பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு தினமும் 15 மில்லிகிராம் கொடுத்தார்கள், சில நாளிலேயே நடமாடினார். பிறகு 10 ஆக்கினார்கள், அதிலும் நன்றாகத்தான் இருந்தார். முகம் உப்புகிறது, இனிப்பு நீர் (சர்க்கரை) ஏறுகிறது என்று அவராகவே 5-க்கு இறக்கிக்கொண்டார். இப்போது பழைய வலி. மறுபடியும் 15-ஆ, இல்லை நிறுத்திவிடலாமா? பக்கத்து வீட்டில் ஜாமு (மலாய் மூலிகை மருந்து) மாத்திரை வேறு தருகிறார்கள்.

பதில்: நிறுத்தாதீர்கள். பல வாரம் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்களுக்கு, உடம்பில் இயற்கையாக அதைச் சுரக்கிற அட்ரினல் சுரப்பி வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கும், திடீரென்று மாத்திரை நின்றால் தலைசுற்றல், வாந்தி, மயக்கம் என்று ஆபத்தில் போய் முடியலாம்.

15-க்கும் பெரும்பாலும் போக வேண்டியதில்லை. வலி திரும்பினால், கடைசியாக எந்த அளவில் நன்றாக இருந்தாரோ அதற்குப் போய், அங்கிருந்து மெல்ல இறங்குவதுதான் வழக்கம். அம்மாவுக்கு அது 10. ஆனால் நீங்களாக ஏற்றாமல் இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள், ஏனென்றால் வெட்டுக்கத்தி பிடித்த தோளில் தேய்மான வலியும் இருக்கலாம், அதற்கு ஸ்டீராய்டை ஏற்றிப் பயனில்லை. காலை இறுக்கம் முக்கால் மணி நேரத்துக்கு மேல் நீடிக்கிறதா, அழற்சியைக் காட்டும் இரத்தப் பரிசோதனைகளான இஎஸ்ஆர், சிஆர்பி ஏறியிருக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

10-இல் இருந்து 5-க்கு ஒரே தாவலாக இறங்கியதுதான் இங்கே சிக்கல். 10-க்குக் கீழே நாலு வாரத்துக்கு 1 மில்லிகிராம் என்ற வேகம் போதும். கையில் 5 மில்லிகிராம் மாத்திரை மட்டும்தான் என்றால், ஒருநாள் இரண்டு, மறுநாள் ஒன்றரை என்று மாற்றி மாற்றிக் கொடுக்கிற முறையும் உண்டு. முழுதாக நிறுத்த ஒரு வருடம், இரண்டு வருடம்கூட ஆகலாம். பலமுறை வலி திரும்பினாலோ, இனிப்பு நீர் அடங்காவிட்டாலோ மெத்தோட்ரெக்சேட் சேர்த்து ஸ்டீராய்டைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். அது வாரம் ஒரே ஒரு நாள் சாப்பிடுகிற மருந்து, தினமும் சாப்பிட்டால் விஷம்.

அம்மா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, அவரைத் திட்டாதீர்கள். காலையில் போடும் ஸ்டீராய்டு மதியத்துக்கு மேல்தான் சர்க்கரையை ஏற்றும், அதனால் வெறும் வயிற்றுப் பரிசோதனை நன்றாக வந்தாலும் நம்ப வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்து, எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள், சர்க்கரை மருந்தை அதற்கேற்ப மாற்றுவார்கள். எலும்புக்குக் கால்சியமும் வைட்டமின் டியும் போதுமா என்று அப்போதே கேட்டுவிடுங்கள். அப்புறம், வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் வீட்டில் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

புதிதாகத் தலைவலி, மெல்லும்போது தாடை வலி, கண் மங்கல் இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். இந்த நோயோடு சேர்ந்து தலையில் உள்ள இரத்தக்குழாய் வீங்கினால் பார்வை நிரந்தரமாகப் போகலாம்.

அந்த ஜாமு வேண்டவே வேண்டாம். பதிவு இல்லாத ஜாமுவில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை மலேசிய சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் அந்தப் பாக்கெட்டையும் எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள், மறைக்க வேண்டாம்.