ஃப்ரீசரில் வைத்த அவரை விதை முளைப்பு குறைந்தது ஏன்?

ஃப்ரீசரில் மீதி இருக்கும் அவரை விதைப் பொட்டலங்களைத் தூக்கிப் போடாதீர்கள். 90 சதவீதம் முளைத்த விதை இரண்டு வருடத்தில் 40க்கு இறங்கியிருக்கிறது என்றால், குளிரைவிட ஈரத்தைத்தான் நான் சந்தேகிப்பேன். நிழலில் உலர்த்தி நேரே ஃப்ரீசரில் வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது போதாது. விதைக்குள் தங்கிய நீர் பனிக்கட்டியாகி செல்களைக் கிழித்துவிடும். விதைகளைப் பல வருடம் சேமித்துக் காக்கும் மரபணு வங்கிகளில் −18 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுபோகும் முன், 10 முதல் 25 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் விதையை நன்றாக உலர்த்துவது இதற்காகத்தான். உங்களிடம் அந்த வசதி இல்லையென்றால், காற்றுப் புகாத டப்பாவில் விதையின் எடைக்குச் சமமாக, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு மூடி வையுங்கள்.

அதற்கு முன் ஒரு சோதனை. ஈரத்துணியில் முளைக்காமல் கிடக்கும் விதைகளை விரலால் அழுத்திப் பாருங்கள்.

1. கொழகொழவென்று நசுங்கினால், பூஞ்சை படர்ந்திருந்தால், செத்துவிட்டது.
2. ஊறாமல் அதே அளவில் கல் மாதிரி இருந்தால் உயிர் இருக்கலாம். அவரைக் குடும்பத்தில் இது சகஜம். தோலை உப்புத்தாளில் லேசாக உரசி மறுபடி ஊறவையுங்கள். இவை முளைத்தால் அந்த 40 என்ற கணக்கே தவறு.

பொட்டலத்தை வெளியே எடுத்ததும் பிரிக்க வேண்டாம். அறை வெப்பத்துக்கு வரட்டும். இல்லையென்றால் குளிர்ந்த விதைமேல் நீர் கோத்துக்கொள்ளும்.

உலர்த்தி ஃப்ரீசரில் வைக்கும் இந்த முறை மா, பலா, ரப்பர் விதைகளுக்கு உதவாது. உலர்த்தினாலே அவை செத்துப்போகும். அந்த ரகங்களை மரமாக நட்டுத்தான் காப்பாற்ற வேண்டும்.