புதிய ஆசிரியரின் வகுப்பில் பாதிப்பேர் தேறவில்லை: துறைத் தலைவர் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: அரசு உதவி பெறும் கலை, அறிவியல் கல்லூரியில் வேதியியல் துறைத் தலைவராக இருக்கிறேன். போன வருடம் எங்கள் துறையில் சேர்ந்த உதவிப் பேராசிரியர் நெட் தகுதித் தேர்வில் தேறியவர், பிஹெச்.டி. முடித்தவர், நன்றாக உழைப்பவர். ஆனால் அவர் எடுக்கும் முதலாமாண்டு வகுப்பில் 52 பேரில் 27 பேர் முதல் இன்டர்னல் தேர்வில் தேறவில்லை. "ஒரு எஃப்.டி.பி.க்கு (ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சிக்கு) அனுப்பிவிடுங்கள்" என்கிறார் முதல்வர். அந்தத் தம்பி மிகவும் சோர்ந்து போயிருக்கிறார். நான் என்ன செய்யலாம்?

பதில்: எஃப்.டி.பி.க்கு அனுப்பலாம், ஆனால் இப்போது வேண்டாம். இரண்டாவது இன்டர்னலுக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருக்கும். அதற்குள் அந்த 27 பிள்ளைகளுக்கு உதவி கிடைக்க வேண்டும். அதை உங்கள் துறைக்குள்ளேயே செய்ய முடியும், நீங்களே செய்ய முடியும்.

முதலில் விடைத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு இருவரும் ஒரு மணி நேரம் உட்காருங்கள். மொத்த மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டாம். எந்தக் கேள்வியை எத்தனை பேர் தவறவிட்டார்கள் என்று ஒரு தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். ஒரே கேள்வியில் 40 பேர் விழுந்திருந்தால் அந்தப் பகுதியை நடத்திய விதத்தில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. அதே 15 பேர் எல்லாக் கேள்வியிலும் விழுந்திருந்தால் அவர்களுக்குப் பிளஸ் டூ அடிப்படையே இடறுகிறது. கணக்கை எல்லாம் போட்டுவிட்டு விளக்கக் கேள்விகளை மட்டும் வெறுமனே விட்டிருந்தால், பெரும்பாலும் மொழிதான் தடை. மூன்றும் வேறு வேறு நோய். மருந்தும் வேறு.

மொழி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அதைப் பல வருடம் கவனிக்காமல் இருந்தேன். வகுப்பு முடியும்போது "புரிஞ்சுதா?" என்று கேட்பேன். "புரிஞ்சுது சார்" என்று மொத்த வகுப்பும் சொல்லும். சரி என்று போய்விடுவேன். ஒரு முறை, கடைசி மூன்று நிமிடத்தில் ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுத்து, பெயர் எழுதாமல், இன்று புரியாதது எது என்று ஒரு வரி எழுதச் சொன்னேன். வேதிவினை வேகவியல் நடத்திக்கொண்டிருந்த இரண்டாவது வாரம் அது. ஒரு சீட்டில் பென்சிலால் இப்படி இருந்தது: "சார், ஆக்டிவேஷன் எனர்ஜின்னா கிளர்வு ஆற்றலா?"

அந்தப் பிள்ளைக்குப் பாடம் தெரியும். தமிழ் வழியில் படித்து, கிளர்வு ஆற்றல் படத்தை எத்தனையோ தடவை வரைந்திருக்கும். நான் சொன்ன பெயர்தான் தெரியவில்லை. இரண்டு வாரம் ஒரு வார்த்தையின் வாசலில் நின்றுகொண்டிருந்திருக்கிறது. மறுநாளிலிருந்து பலகையின் வலது ஓரத்தில் ஒரு பத்தி ஒதுக்கி, புதிய சொல் வரும்போதெல்லாம் ஆங்கிலத்தையும் தமிழையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். மாணவர்கள் தேர்வில் ஆங்கிலத்திலேயே எழுதட்டும், ஆனால் அவர்கள் ஏற்கெனவே அறிந்ததோடு அது ஒட்ட வேண்டும். உங்கள் தம்பியையும் வாரம் ஒரு தடவை இந்தச் சீட்டு வாங்கச் சொல்லுங்கள். மறுநாள் முதல் ஐந்து நிமிடத்தில் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும், இல்லையென்றால் அடுத்த வாரம் யாரும் உண்மையை எழுத மாட்டார்கள்.

அடுத்தது வகுப்பில் போய் உட்காருவது. இதை அவசரப்பட்டுச் செய்தால் சோதனைக்கு வந்ததுபோல ஆகிவிடும். அதனால் முதலில் அவரை உங்கள் வகுப்புக்கு அழையுங்கள். எங்கே பிள்ளைகள் விலகிப் போகிறார்கள் என்று அவர் குறித்துத் தரட்டும். உங்கள் குறையை அவர் சொன்ன பிறகு, அவர் வகுப்பில் நீங்கள் உட்காருவது இயல்பாகிவிடும். படிவம், மதிப்பெண் எதுவும் வேண்டாம், ஃபைலுக்கும் போக வேண்டாம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றை மட்டும் எண்ணுங்கள்: கேள்வி கேட்டுவிட்டு எத்தனை விநாடி காத்திருக்கிறார்? அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வியாளர் இதை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். மூன்று விநாடி காத்திருக்கப் பழகியதும் பதில்கள் நீண்டன, பேசாதவர்களும் பேசினார்கள். மனத்துக்குள் தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் சொல்ல வேண்டிய நம் பிள்ளைகளுக்கு அந்த மூன்று விநாடி இன்னும் அவசியம்.

ஒரு மணி நேரமும் தானே பேசுகிறார் என்றால், இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை நான்கு விடைகள் கொண்ட கேள்வி ஒன்றைப் பலகையில் எழுதி, முதலில் தனியாகக் கை தூக்கச் சொல்லி, பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் வாதாடவிட்டு, மறுபடி கை தூக்கச் சொல்லலாம். ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மசூர் 1990-களின் தொடக்கத்தில் பரப்பிய முறை இது. கருவி எதுவும் தேவையில்லை. 2014-இல் அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் தோல்வி 33.8 சதவீதம், மாணவர்களை இப்படி ஈடுபடுத்திய வகுப்புகளில் 21.8 சதவீதம்.

தேறாதவர்களுக்குச் சிறப்பு வகுப்பு வைப்பதானால் நேரத்தைப் பார்த்து வையுங்கள். நாலு மணிக்கு மேல் வைத்தால், டவுன் பஸ்ஸை விட்டால் வீடு போய்ச் சேர முடியாத பிள்ளைகள் வரமாட்டார்கள். வர வேண்டியவர்களே பெரும்பாலும் அவர்கள்தான். நூலக ஹவரில் வையுங்கள். ராத்திரி வேலைக்குப் போகிறவர் யார், வீட்டிலேயே முதல் பட்டதாரி யார் என்பது மாணவர் விவரங்களை எழுதிவைக்கும் டியூட்டர் வார்டு நோட்டில் இருக்கும். அதை ஒரு தடவை புரட்டிப் பாருங்கள்.

இப்போது பயிற்சிக்கு வருவோம். ஆன்லைனில் கேமராவை அணைத்துவிட்டு ஐந்து நாள் கேட்டு, கடைசியில் குவிஸ் எழுதி வாங்கும் சான்றிதழ்கள் அவருக்கு உதவாது. அவருக்கு வேண்டியது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) புதிய ஆசிரியர் அறிமுகப் பயிற்சி, சுமார் ஒரு மாதம் நடப்பது. 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு அகாடமிக் ஸ்டாஃப் கல்லூரி என்று தொடங்கிய மையங்கள்தான் 2023 முதல் மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையங்கள். சென்னை, மதுரை காமராசர், பாரதியார், பாரதிதாசன் பல்கலைக்கழகங்களில் இருக்கின்றன. 2018 யு.ஜி.சி. விதிமுறைப்படி, பிஹெச்.டி. முடித்தவர் நான்கு வருடச் சேவைக்குப் பின் அடுத்த நிலைக்கு உயரக் கற்பித்தல் முறை பற்றிய 21 நாள் பயிற்சியும் வேண்டும். ஆகவே இது அவருக்குப் பதவி உயர்வுக்கும் கைகொடுக்கும். செமஸ்டர் முடிந்ததும் வரும் குழுவில் சேர விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், வகுப்பு மாற்று ஏற்பாட்டை அவர் தலையில் விடாமல் நீங்கள் பாருங்கள். திரும்பி வந்ததும் கற்றதில் ஒன்றைத் துறைக் கூட்டத்தில் அரை மணி நேரம் நடத்திக் காட்டச் சொல்லுங்கள்.

கடைசியாக உங்களிடமே ஒரு கேள்வி. அவர் கால அட்டவணையைப் பார்த்தீர்களா? உதவிப் பேராசிரியருக்கு யு.ஜி.சி. சொல்லும் நேரடிக் கற்பித்தல் வாரத்துக்கு 16 மணி நேரம். அதற்குள்ளேயே மூன்று புதுப் பாடத்தாள்களும், போதாதென்று நாக் (கல்லூரித் தர மதிப்பீடு) ஃபைலும், அட்மிஷன் வேலையும் வந்திருந்தால் எந்தப் புது ஆசிரியரும் திணறத்தான் செய்வார். புதியவர், பேசமாட்டார் என்பதற்காகவே பல துறைகளில் அவர் மேசையில் எல்லாம் வந்து விழுகிறது. அடுத்த செமஸ்டரில் இதே பாடத்தாளை மறுபடி அவருக்கே கொடுங்கள், அவர் தயாரித்த குறிப்புகள் இரண்டாவது தடவைதான் உருப்படியாகும். ஃபைலை வேறு யாரிடமாவது கொடுங்கள்.

இரண்டாவது இன்டர்னல் முடிந்ததும் கேள்விவாரியாகக் கோடு போட்ட அந்தத் தாளைத் திரும்பவும் போடுங்கள். முதலில் அவரோடு உட்கார்ந்து பாருங்கள், அதன் பிறகு இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு முதல்வர் அறைக்கு இருவருமாகப் போங்கள்.